பார்வதியின் முதல் பக்கம்

அக்டோபர் நெருங்கினால் கிளினிக்கிலிருந்து எனக்கு அழைப்பு வரும். மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளுக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லுவார்கள். நான் பேசுகிறவள் இல்லை, திட்டுகிறவள் என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தும் கூப்பிடுகிறார்கள். இந்த முறை அழைத்த சின்ன மிஸ், அங்கே இருக்கிற இளம் தாதி, ஒரு கேள்வியும் கேட்டாள். நோயாளிப் பெண்களுக்குச் செய்துகொடுக்கும் படப் புத்தகத்தில், படத்தைச் சுற்றிப் பூ ஒட்டக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். யார் போட்டது, ஏன் போட்டது என்று இப்போது அங்கே இருக்கிற ஒருவருக்கும் தெரியாதாம். பூ ஒட்டினால் அழகாகத்தானே இருக்கும் மிஸ், இனி ஒட்டலாமா என்றாள்.

அது போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு மாநகரசபையில் வேலை. தாதிப் பயிற்சி, முதல் நியமனம், இடமாற்றம் எல்லாம் எல்லாருக்கும் நடப்பவைதான், அவற்றைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கமாட்டேன். சத்திரசிகிச்சை வாட்டிலிருந்து என்னை மார்பு கிளினிக்குக்கு மாற்றினார்கள். தமிழ் பேசுகிற பெண்கள் நிறைய வருகிறார்கள், அவர்களோடு பேச ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்குப் போக விருப்பமே இல்லை. வாட்டில் இருந்தபோது அந்த நோய்க்குப் பிந்தி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்கவில்லை என்பதால் கட்டியை மாதக்கணக்கில் முந்தானைக்குள் மறைத்துவிட்டு, புண்ணாகிய பிறகு வருவார்கள். அதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது என்று மேட்ரனிடம் அழுதேன். மேட்ரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே பொறுப்பாக இருந்தவர் குமாரிஹாமி சிஸ்டர். குட்டையான உருவம், சத்தமில்லாத நடை. முதல் நாள் என்னைக் கூப்பிட்டு என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த பிளாஸ்கைக் காட்டினார். அதில் சுடுதண்ணீர் இருந்தது. கண்டிக் குளிரில் நம் கை பச்சைத் தண்ணீராக இருக்கும், அந்தக் கையால் எந்தப் பெண்ணின் மார்பையும் தொடாதே, சூடாக்கிக்கொண்டு தொடு என்றார். அதுதான் எனக்கு அவர் தந்த முதல் பாடம்.

இன்னும் சில ஒழுங்குகள் வைத்திருந்தார். கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்லக்கூடாது. கதிரையை இழுத்துப்போட்டு, அந்தப் பெண்ணின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். "பயப்பட ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுவார். பேசுவது சிங்களம். தமிழில் அவருக்குத் தெரிந்தது "உக்காருங்க", "சொல்லுங்க", "நான் இருக்கேன்" இவ்வளவுதான். ஆனால் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் அட்டை செய்கிற மேசையும் அவர் போட்டதுதான். மார்பை அகற்றும்போது கக்கத்திலும் கை வைப்பார்கள், பிறகு கையைத் தூக்கப் பெண்கள் பயப்படுவார்கள். சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். வீட்டுக்குப் போனால் எங்கே செய்கிறார்கள்? கை அப்படியே இறுகிப்போய்த் திரும்பி வருவார்கள். சிஸ்டர் கிளினிக் மூலையில் ஒரு மேசையைப் போட்டு, வாழ்த்து அட்டை செய்யலாம் வாங்க என்று கூப்பிட்டார். கடதாசிகளை மட்டும் மேசையில் வைக்கவில்லை. தோளுக்கு மேலே ஒரு தட்டு அடித்து அதில் வைத்தார். ஒரு நிறக் கடதாசி வேண்டுமென்றால் கையைத் தூக்கியே ஆக வேண்டும். "ஐயோ எட்டலியே மிஸ்" என்று அவர்கள் சொல்லுவார்கள். எடுத்துக் கொடுத்தால் சிஸ்டர் என்னை முறைப்பார். கத்திரிக்கோலும் நுனி மழுங்கிய, சின்னப் பிள்ளைகள் பாவிக்கிற வகைதான். ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கை வீங்கிவிடலாம் என்பதில் அவ்வளவு கவனம்.

செய்த அட்டைகள் அடுத்து ஒப்பரேஷனுக்குப் போகிற பெண்களுக்குப் போகும். "விரைவில் நலம் பெறுக" என்று எழுதச் சிஸ்டர் விடமாட்டார். உனக்கு அன்றைக்கு யாராவது எதைச் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும், அதை எழுது என்பார். "முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை கொண்டுவாங்க" என்று ஒருத்தி எழுதினாள். "காயத்தில் வைத்த குழாயை எடுக்கும்போது வலிக்கும், ஆனால் கொஞ்ச நேரந்தான்" என்று இன்னொருத்தி. எழுதத் தெரியாதவர்கள் சொல்லுவார்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். அப்படி ஓர் அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போன பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் அதற்குப் பிறகு வந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினால் முடி கொட்டிவிடும். கண்ணாடியில் பார்க்கிற முகம் தன்னுடையதே இல்லை என்று பெண்கள் குமைவார்கள். அதனால் முதல் தடவை வரும்போதே ஒரு படம் எடுத்து வைப்போம். மருந்தெல்லாம் முடித்துக் குணமான ஒரு பெண், அந்தப் படத்தை ஒட்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைச் செய்துகொடுப்பாள். மிச்சப் பக்கங்களைப் புதியவள் வரும்போதெல்லாம் தானே ஒட்டி நிரப்பவேண்டும்.

முதல் பக்கம் செய்வதில் பரீதாவை மிஞ்ச ஆள் இல்லை. அலவத்துகொடப் பக்கம் வீடு, கணவருக்குக் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கிற தொழில். மிஞ்சின தங்கக்கரைக் கடதாசி, சரிகை நூல், மினுக்கு எல்லாம் பை நிறையக் கொண்டுவருவாள். அவளும் எங்களிடம் சிகிச்சை எடுத்துத் தேறியவள். ஆனால் அது ஊரில் யாருக்கும் தெரியாது. ஒப்பரேஷனுக்கு வந்தபோது பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தார்கள். முக்காடு இருந்ததால் முடி கொட்டியதை ஒருவரும் காணவில்லை. இப்போது கிளினிக்குக்கு வருவது ஏழை நோயாளிகளுக்கு உதவி செய்ய என்று பெயர். காரணம் அவளுடைய மகள். அக்குறணையில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று விலகிவிடுவார்கள். எங்கள் வாயை அவள் சத்தியம் வாங்கிக் கட்டிப்போட்டிருந்தாள்.

பார்வதி கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளிக்கும்போது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அவளை நல்ல நேரத்தில்தான் கொண்டுவந்தார்கள். ஒப்பரேஷனும் நன்றாக முடிந்தது. அவள் கேட்டதெல்லாம் திரும்பக் கூடை சுமக்க முடியுமா என்பதுதான். இரண்டு தடவை மருந்து ஏற்றினோம். இரண்டாம் தடவை வந்தபோது பரீதா அவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள். கல்யாண அழைப்பை உறையில் போடுவதுபோல அழகாகச் சுற்றி, ஒட்டி, வீட்டில் போய்ப் பிரியுங்க என்று கொடுத்தாள். எங்களில் யாரும் உள்ளே பார்க்கவில்லை.

மூன்றாவது மருந்துக்குப் பார்வதி வரவில்லை.

கணவன் செல்லையாவுக்குப் போன் போட்டேன். அவள் போதும்னு சொல்றா மிஸ், கேக்கமாட்டேங்குறா என்றான். தோட்டத்து மருத்துவிச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விசயம் விளங்கிற்று. என் படத்துக்குப் பூ வச்சு ஆஸ்பத்திரியிலயே கொடுத்துவிட்டுட்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, இனி எதுக்கு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கணும் என்று அவள் கேட்டாளாம். அன்று காலைதான் மலைக்கு வேலைக்கும் போய்விட்டாளாம்.

இதைக் கேட்டுச் சிஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் சும்மா உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மருந்துக்கும் மருந்துக்கும் இடையில் இத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். என் வாய் சும்மா இருக்குமா? பரீதாவும் நோயாளிதான், அவளே பிழைத்து நிற்கிறாள் என்று பார்வதியிடம் சொன்னால் போதும், நாளைக்கே வந்துவிடுவாள் என்றேன். சிஸ்டர் தலையை ஆட்டினார்.

"அது பரீதாவுடைய உடம்பு. அதைப் பற்றிப் பேசப் பரீதாவுக்கு மட்டுந்தான் உரிமை. நீ அதை எடுத்து இன்னொருத்திக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு உயிர் போகப்போகிறது, இவர் உரிமை பேசுகிறாரே என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். ஆனாலும் பார்வதிக்கு எதையும் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் பரீதாவே கேட்டாள், பார்வதிக்குப் பக்கம் பிடித்ததா என்று. அவளுடைய பங்கை அவளிடம் மறைக்கச் சிஸ்டர் சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. பூ ஒட்டினதில் என்ன பிழை என்று கேட்டாள். எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்தைச் சுவரில் மாட்டிப் பூமாலை போடுவோம், மரண அறிவித்தலிலும் இப்படித்தான் முட்டை வடிவத்தில் முகத்தை வெட்டிச் சுற்றிப் பூ வைப்பார்கள் என்றேன். லைட் போஸ்டுகளில் ஒட்டியிருப்பதை அவளும் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். பார்த்தாலும் மனதில் பதியவேண்டுமே. அவர்கள் வீட்டில் இறந்தவர்களின் படம் வைக்கிற வழக்கமே இல்லை. அவளுக்குப் பூ என்றால் கல்யாணம். கல்யாண அழைப்புக்கு ஒட்டுவதுபோல ஒட்டியிருக்கிறாள்.

பரீதா பசைப் போத்தலை மூடினாள். பிறகு, கலஹா பஸ் எங்கே நிற்கும் மிஸ் என்று கேட்டாள்.

தாதிமார் நோயாளி வீட்டுக்குப் போவது எங்கள் வேலை ஒழுங்கில் இல்லை. உன் விடுமுறை நாளில் போ, சீருடையில் போகாதே என்று சிஸ்டர் விட்டார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிப் பேராதனை தாண்டும்வரை பரீதா துஆ ஓதிக்கொண்டே வந்தாள். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன்.

பார்வதி மலையிலிருந்து இறங்கி வந்து வரிசை வீடுகளான லயத்தின் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துவாய்த் துண்டைச் சுற்றியிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். லயத்துக்கு யாராவது வந்தால் அப்படித்தான், யாரையும் போகச் சொல்ல முடியாது. பக்கத்து இஸ்தோப்பில் ஒரு புடவை வியாபாரி மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். பரீதாவைக் கண்டதும் அவர் எழுந்து சலாம் சொன்னார். அக்குறணைக்காரர், அவளுடைய கணவரைத் தெரிந்தவர். பரீதா பதில் சலாம் சொன்னபோது அவள் முகம் வெளிறியதை நான் கண்டேன்.

செல்லையா உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அப்போதுதான் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் முட்டை வடிவத்தில் வெட்டிய முகம். சுற்றிவர வெள்ளைக் கடதாசி மல்லிகை, நடுநடுவே உலர்த்திய அரலியாப் பூவின் இதழ், அதற்கு வெளியே தங்கக்கரை. எவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தாள்!

"நான் ஒண்ணும் கோவப்படல மிஸ்," என்றாள் பார்வதி. "சாமித் தட்டுல வச்சிருந்தாரு இவரு. எம்புள்ள வெளயாடிட்டு வந்துச்சு. தாத்தா படத்துக்குச் செய்ற மாதிரி ஒரு பூவப் பறிச்சு வச்சுக் கும்புட்டுட்டுப் போகுது. நான் அடுப்புகிட்டதான் இருக்கேன். என்னைய அதுக்குத் தெரியல. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இருக்கிற வரைக்கும் நாலு காசு சேத்து வப்போம்னு."

அந்தப் பெண்பிள்ளை தாயின் மடியில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாடம்போல என் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினேன். மருந்து, நாட்கணக்கு, குணமாகிற வாய்ப்பு. பார்வதி மரியாதைக்குத் தலையாட்டினாள். ஒன்றும் உள்ளே போகவில்லை என்பது தெரிந்தது. அவள் பரீதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோனாவுக்கு நல்ல மனசு, நீங்க வருத்தப்படாதீங்க என்று பெரிய இடத்துப் பெண்ணிடம் பேசுவதுபோல இவளுக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

பரீதா ஒருமுறை பக்கத்து இஸ்தோப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்வதிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கட ஊட்டுல மௌத்தானவங்கட படம் வெக்கிறல்ல. எனக்குத் தெரியாமப் பெய்த்து. நான் நோனா இல்ல பார்வதி. எனக்கும் இந்த வருத்தந்தான் வந்த. எனக்கும் ஒரு பக்கம் வெட்டி எடுத்த. ஒங்களுக்கு ஏத்துற அதே மருந்துதான் எனக்கும் ஏத்தின."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லயத்தில் மெதுவாகச் சொன்னாலும் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். பார்வதி நம்பவில்லை. அவள் கண் பரீதாவின் முக்காட்டில் நின்றது.

"முடி?" என்று மட்டும் கேட்டாள்.

பரீதாவின் கை முக்காட்டுக்குப் போனது. அதைக் கண்டதுமே புடவை வியாபாரி முதுகைக் காட்டி, மலைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பரீதா முக்காட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். அவள் முடி தோள்வரை வளர்ந்திருந்தது. பார்வதி கையை நீட்டித் தொட்டாள். பிறகு ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள்.

"இன்னம் இழுங்க. பொய் முடியில்ல," என்றாள் பரீதா. வலியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

பார்வதி அப்போதுதான் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நானும் வெட்கமில்லாமல் அழுதேன். பார்வதி தலையிலிருந்த துவாயை அவிழ்த்துத் தன் மொட்டைத் தலையைப் பிள்ளைக்குக் காட்டி, இந்த அக்காவுக்கு மாதிரி அம்மாவுக்கும் வளரும் என்று சொன்னாள். அதுவரை அந்தத் துவாயை அவள் பிள்ளைக்கு முன்னால் அவிழ்த்ததே இல்லையாம்.

அந்தக் கிழமைக்குள்ளேயே பார்வதி மருந்துக்கு வந்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்து, ஏன் பிந்தினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உக்காருங்க" என்றார். மிச்ச மருந்தெல்லாம் ஒழுங்காக ஏற்றி முடித்தோம். இன்றைக்கும் அவள் கலஹாவில்தான் இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள். சுமைக்கு மட்டும் செல்லையா கூடப் போவான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பரீதா சொன்னபோது, உசுரோட இருக்கிறவ படத்தக் கிழிக்கக்கூடாது என்று பார்வதி தடுத்துவிட்டாள். பூக்களை மட்டும் உரித்தெடுத்தார்கள். தனி முகம் ஒட்டவேண்டாம், பூ வைக்கவேண்டாம், பக்கத்தில் இன்னொரு ஆளும் நிற்கிற படமாக எடுங்கள் என்று சிஸ்டர் அன்றைக்குப் போட்ட சட்டந்தான், சின்ன மிஸ், நீ கேட்டது.

இத்தோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் விசயம் அக்குறணைக்கு எட்டிவிட்டது. வியாபாரி சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்ட மனிதர் அதைச் சொல்வாரா? யாரோ சொன்னார்கள். கல்யாணப் பேச்சு நின்றது. காரணம் கூடச் சொல்லாமல், இப்ப வசதியில்லை என்று ஆள்விட்டுச் சொன்னார்களாம். பரீதா இதை மேசையில் உட்கார்ந்து கடதாசி வெட்டிக்கொண்டே சொன்னாள். மகள் ரெண்டு நாளாகத் தன்னோடு பேசவில்லை என்பதையும் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மாப்பிள்ளையின் தாய் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். சொல்லியிருக்கவேண்டாமோ என்று அவளிடம் கேட்டேன். அவள் கையைத் தூக்கித் தட்டிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்தாள்.

சில மாதம் கழிந்திருக்கும். கிளினிக் தொடங்கிய நேரம். கறுப்பு அபாயா போட்ட ஓர் அம்மா வாசலில் தயங்கிக்கொண்டு நின்றார். நம்பர் துண்டு எடுத்தீங்களா என்று கேட்டேன். அவர் டொக்டரைக் கேட்கவில்லை. அலவத்துகொட பரீதா இங்கே இருப்பாங்களா என்று கேட்டார். மேசையில் இருந்த பரீதா நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே, வந்திருப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் என் தொண்டை வரை வந்தன.

அந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒண்டு இரிக்கி. நோன்புக்கு முந்தியே கண்டன். மகனுக்கும் சொல்லல்ல, ஒத்தருக்கும் சொல்லல்ல. எங்க போற, யாரப் பாக்கிற ஒண்டும் தெரியா. ஒங்கட கதை வந்த நேரந்தான் இப்பிடி ஒரு இடம் இரிக்கிண்டே தெரிஞ்ச." பிறகு, "ஒங்கட மகள்ட விசயத்தில நான் செஞ்சது..." என்று தொடங்கினார்.

பரீதா அதை முடிக்க விடவில்லை.

"அத பொறகு பேசலாம் மாமி. முதல்ல காட்டுங்க. பயமா இரிக்கா?"

"பயமா இரிக்கி."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்த. வாங்க, நானும் வாறன்."

அந்தச் சம்பந்தம் பிறகும் நடக்கவில்லை, மகள் வேறு இடத்தில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பரீதா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைத் திரை வரைக்கும் போனாள். திரைக்குள் நோயாளியைத் தவிர வேறு யாரையும், பெற்ற தாயைக்கூடச் சிஸ்டர் விட்டதில்லை. அவர் சுடுதண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார், இரண்டு பேரையும் பார்த்தார், ஒரு கையால் திரையைத் தூக்கிப் பிடித்து இருவரையும் உள்ளே விட்டார்.